அரளி அந்துப்பூச்சி வளர்ப்பு: புழு பழுப்பானால் பயம் வேண்டாம்

இனம்: அறிவியல் பெயர் டாஃப்னிஸ் நீரியை (Daphnis nerii), ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758-இல் பெயரிட்டது. ஆலிவ் பச்சை, வெள்ளை, இளஞ்சிவப்பு மூன்றும் பளிங்கு போலக் குழைந்த சிறகு.

முட்டை: இளந்தளிரில் ஒவ்வொன்றாக இருக்கும், வெளிர்பச்சை, சுமார் 1.5 மி.மீ. இலையோடு கிள்ளிச் சின்ன டப்பாவில் போட்டது. ஈரப்பஞ்சு வைக்கவில்லை. மூடி உள்ளே வியர்த்தால் பொரித்த குஞ்சுப்புழு நீர்ச்சொட்டிலேயே ஒட்டிச் செத்துவிடும்.

குஞ்சுப்புழு: 3 - 4 மி.மீ., நல்ல மஞ்சள். வாலில் மெல்லிய நீண்ட கறுப்புக் கொம்பு. இலை தின்னத் தின்னப் பச்சையாகிறது. அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி மூன்றும் உணவுதான். ஆனால் ஆரம்பித்த செடியை நடுவில் மாற்றக் கூடாது. புது இலையைத் தொடாமலே சில புழுக்கள் பட்டினி கிடக்கும். அரளி நஞ்சு என்பதால் கிளை நறுக்கியதும் கை கழுவ வேண்டும். கிளையை நீர்ப்புட்டியில் நிறுத்தினால் வாயைப் பஞ்சால் அடைக்கவும், இல்லையேல் புழு இறங்கி மூழ்கும். அசையாமல் ஒட்டி உட்கார்ந்திருப்பது தோலுரிக்கப் போகும் புழு. அதைப் பிய்த்தெடுத்தால் பிடிமானம் போய், பழைய தோலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

வளர்ந்த புழு: 7 - 8 செ.மீ. சீண்டினால் தலையை உள்ளிழுத்து, முன்னுடம்பிலுள்ள நீலக் கண்புள்ளி இரண்டையும் விரித்துக் காட்டும். பார்க்கவே மிரட்டலாக இருக்கும்!

பழுப்பாகும் கட்டம்: நிறையப் பேர் புழுவைத் தூக்கி எறிவது இங்கேதான். தீனியை நிறுத்தும், எச்சம் இளகும், முதுகு பழுப்பேறும், கண்புள்ளி கறுக்கும். நோய் என்று தோன்றும். பிரித்தறிய எளிய வழி உண்டு. கூடு கட்டப்போவது விறுவிறுவென்று இடம் தேடி ஓடும். நோய்கண்டது தளர்ந்து தொங்கி, நாற்றமடிக்கும் நீர் கசியும். ஓடுகிற புழுவை, 5 செ.மீ. உயரம் காய்ந்த சருகு போட்ட இருட்டுப் பெட்டிக்கு மாற்றினால் போதும். சருகுகளைத் தளர்வாக நூலால் இழுத்துக் கட்டிக்கொள்ளும். ஆழமான மண் தேவையில்லை. ஒரு வாரம் கிளறவே கூடாது. புதுக் கூட்டுப்புழுவின் தோல் மெத்தென்று இருக்கும், விரல் பட்டாலே கிழியும்.

கூட்டுப்புழு: வெளிர்பழுப்பு, பக்கவாட்டில் கரும்புள்ளி வரிசை. சருகில் எப்போதாவது லேசாக நீர் தெளித்தால் போதும். உள்ளே சிறகின் கோலம் தெரிந்து நிறம் கறுத்துவிட்டால் வெளிவரும் நேரம் நெருங்கிவிட்டது. பெட்டிக்குள் சொரசொரப்பான குச்சியோ வலைத்துணியோ கட்டாயம். வழவழப்பான சுவரில் ஏற முடியாமல் விழுந்த பூச்சியின் சிறகு கசங்கியபடியே காய்ந்துவிடும். பிறகு நீவியெடுக்க வழியில்லை. வரும்போது சிந்தும் செந்நிற நீர் ரத்தமல்ல, கழிவுதான். சிறகு காய்ந்தபின் அந்தியில் விட்டுவிடலாம்.

அடுத்த முறையும் முட்டையிலிருந்தே தொடங்குவது நல்லது. செடியில் பெரிதாகக் கிடைக்கும் புழுவுக்குள் ஒட்டுண்ணி ஈ ஏற்கெனவே முட்டையிட்டிருக்கலாம். அப்படியானால் கூட்டிலிருந்து ஈதான் வரும்.