கோரைக்கட்டும் பட்டணத்துக்காரியும்

நேத்து ராத்திரி கரண்ட் போறதுக்குள்ள 1927ல வந்த சன்ரைஸ் படத்த லேப்டாப்ல பாத்து முடிச்சிட்டேன், பக்கத்துல அப்பாயி. ஊமைப்படம்ங்கறதால நடுநடுவுல வர்ற எழுத்த தவிர அதுக்கு நான் மொழிபெயர்க்கற வேலையே இல்ல. எடுத்தவர் முர்னாவ்னு ஒரு ஜெர்மன்காரர், ஹாலிவுட் போயி எடுத்த முதல் படம்.

கிராமத்தான் ஒருத்தன், பொண்டாட்டி, கைக்கொழந்த. கறுப்பு சில்க்கும் சிகரெட்டுமா வந்த பட்டணத்துக்காரி ராத்திரி சேத்துல வச்சு அவன மயக்கி, பொண்டாட்டிய தண்ணில தள்ளிட்டு நீ கோரைக்கட்ட புடிச்சு தப்பிச்சிருன்னு ஐடியா குடுக்கறா, அந்த "மூழ்கட்டுமே"ங்கற எழுத்தே ஸ்கிரீன்ல அப்படியே கரைஞ்சு கீழ வழியுது பாருங்க, வசனமே இல்லாம வயித்த கலக்கிருச்சு. கொள்ளிடக்கரையில கோரை அறுத்து வளந்த அப்பாயி மட்டும் "ஈரக்கோரை என்னடா மிதக்கும், நல்லா காயணும்ல"ன்னுச்சு!

படகுல அவன் எந்திரிச்சு நிக்கறான், அவ கைய கூப்பறா, அவனால முடியல. அப்புறம் டவுன்ல ஒரு சர்ச்ல யாருக்கோ கல்யாணம் நடக்கறத பாத்து அவன் உடைஞ்சு அழறான், அவளும் மன்னிச்சிடறா. எனக்கு அது ரொம்ப சீக்கிரம்னு பட்டுச்சு. பட்டணம்னா கெடுதல், கிராமம்னா சுத்தம்ங்கற கணக்கு நம்ம சினிமாலயும் எத்தனையோ வருஷம் ஓடுச்சே. ஆனா அதே பட்டணத்துலதான் இதுக ரெண்டும் மறுபடி சேருது.

கடைசில புயல்ல பொண்டாட்டிய மிதக்க வச்சதும் அதே கோரைதான். மனைவியா நடிச்ச ஜேனட் கேய்னருக்குத்தான் முதல் ஆஸ்கர்லயே சிறந்த நடிகை விருது.

அப்பாயி கேட்டது ஒண்ணே ஒண்ணு, "இவன எதுக்குடா மறுபடி சேத்துக்கிட்டா?"