கர்ப்பப்பை வாயில் ஒரு வெள்ளைத் திட்டு: நான்கு மாத அலைச்சல்

சுகர் மாத்திரை வாங்கத்தான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். எனக்கு வயது 43. மாத்திரையைக் கையில் கொடுத்த சிஸ்டர், "அக்கா, முப்பது வயசுக்கு மேல எல்லாருக்கும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இருக்கான்னு பாக்குறோம், அஞ்சு நிமிசம் உள்ள வந்துட்டுப் போங்க" என்றார். முதல் மாதம் வீட்டு விலக்கு என்று பொய் சொல்லித் தப்பித்திருந்தேன். இரண்டாம் மாதம் பஸ் போய்விடும் என்றேன். அன்றைக்குச் சொல்ல எதுவும் தோன்றவில்லை.

திரைக்குப் பின்னால் ஒரு மேசை. முட்டியை மடக்கிப் படுக்கச் சொன்னார். கருவி சில்லென்று இருந்தது. உடம்பை இறுக்கினால்தான் வலிக்கிறது, மூச்சை விட்டுவிட்டால் ஒன்றுமில்லை. அப்புறம் பஞ்சில் எதையோ நனைத்து வைத்தார். ஊறுகாய் பாட்டிலைத் திறந்த மாதிரி புளிப்பு வாடை. "வினிகரா சிஸ்டர்?" என்று கேட்டேன். "அதுவேதான்க்கா, அசிட்டிக் அமிலம்" என்று சொல்லிவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் காத்திருந்தார். நல்ல இடம் இளஞ்சிவப்பாகவே இருக்கும், செல்கள் மாறியிருக்கும் இடம் வெளுத்துவிடும். எனக்குச் சுண்டுவிரல் நகமளவு வெளுத்திருந்தது.

அட்டையில் 'பாசிட்டிவ்' என்று எழுதினார். அதற்குப் பிறகு அவர் சொன்னது ஒன்றும் காதில் ஏறவில்லை. புண், கிருமித்தொற்று இருந்தால்கூட வெளுக்கும், பெரிய ஆஸ்பத்திரியில் இன்னொரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்று தெளிவாகத்தான் சொன்னாராம். நானோ பஸ்ஸில் உட்கார்ந்து, நான் இல்லாமல் மகள் கல்யாணம் எப்படி நடக்கும் என்பதுவரை யோசித்துவிட்டேன். மகளுக்கு 13 வயது.

மூன்று வாரம் கழித்து கால்போஸ்கோபி. பெயர்தான் பெரிது, வெளியே நின்றபடி லென்ஸ் வழியாகப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி அது. மறுபடி வினிகர், அதன்மேல் அயோடின். நல்ல தோல் கரும்பழுப்பாக மாறியது. திட்டு இருந்த இடம் மட்டும் கடுகை அரைத்துப் பூசின மாதிரி மஞ்சளாக நின்றது. டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார்கள். பார்த்த பிறகுதான் பயம் பாதியாகக் குறைந்தது, ஏனென்று இன்னும் தெரியவில்லை. இரண்டு இடத்தில் துளி சதை எடுத்தார்கள், நகத்தால் கிள்ளின மாதிரி இருந்தது. போகிறவர்கள் பழைய பாவாடை கட்டிக்கொண்டு போங்கள். என் நல்ல பாவாடையில் அயோடின் கறை இன்னும் இருக்கிறது.

பயாப்ஸி ரிப்போர்ட் ஒரு வாரத்தில் வரும் என்றார்கள். ஐந்து வாரம் ஆனது. கடைசியில் என் பெயருள்ள இன்னொருத்தியின் கவருக்குள் இருந்தது. நான்கு தடவை போனபோதும் "இன்னும் வரலம்மா" என்றே அனுப்பினார்கள். ஐந்தாவது தடவை என் வீட்டுக்காரர் சத்தம் போட்ட பிறகுதான் தேடினார்கள். பெயரை நம்பாதீர்கள். சதை எடுத்த அன்றைக்கே லேப் நம்பரைக் கேட்டு அட்டையின் பின்னால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த ஐந்து வாரமும் தூக்கம் இல்லை, போனில் தேடித் தேடிப் படித்தேன். அப்போதுதான் தெரிந்தது, இந்த வினிகர் பரிசோதனை உயிரைக் காப்பாற்றுமா என்று உலகத்துக்குக் காட்டிய ஆய்வே எங்கள் திண்டுக்கல் மாவட்டத்தில்தான் நடந்திருக்கிறது. டாக்டர் சங்கரநாராயணன் குழு 2007-இல் வெளியிட்டது. 2000 முதல் 2003 வரை, 30 முதல் 59 வயதுப் பெண்கள் 49,311 பேரைக் கூப்பிட்டு, வந்த 31,343 பேருக்குப் பயிற்சி பெற்ற நர்சுகள் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறார்கள். கூப்பிடாத ஊர்களோடு ஒப்பிட்டால், கூப்பிட்ட ஊர்களில் இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் 35 சதவீதம் குறைவு. என்னைத் தூங்க வைத்தது வேறொரு எண். பரிசோதித்ததில் 3,088 பேருக்கு என்னைப் போல 'பாசிட்டிவ்'. கூப்பிட்ட ஊர்களில், பரிசோதனைக்கு வராதவர்களையும் சேர்த்து, 2006 வரை புற்றுநோய் கண்டது 167 பேருக்குத்தான்.

ரிப்போர்ட்டில் 'சி.ஐ.என். 2' என்று இருந்தது, அதாவது புற்றுநோய்க்கு முந்தைய செல் மாற்றம். புற்றுநோய் இல்லை. இப்படியே விட்டால் சில வருடங்களில் ஆகலாம், ஆகாமலும் போகலாம். காத்திருந்து பார்ப்பதைவிட உறைய வைத்து எடுத்துவிடலாம் என்றார்கள். சரி என்றேன். கிரையோ என்கிறார்கள். கேஸ் சிலிண்டரிலிருந்து உஸ்ஸென்று சத்தம். மூன்று நிமிடம் உறைய வைத்து, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி மூன்று நிமிடம். மயக்க மருந்து கிடையாது. விலக்கு வலி மாதிரி அடிவயிறு இழுத்தது, எழுந்தபோது தலை கொஞ்சம் சுற்றியது. அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். அதன் பிறகு மூன்று வாரத்துக்கு மேல் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி போய்க்கொண்டே இருந்தது. இதை யாரும் அழுத்திச் சொல்லவில்லை, நாப்கின் நிறைய வாங்கி வையுங்கள். ஒரு மாதம் தாம்பத்தியம் கூடாது என்பதை டாக்டரம்மாவே என் வீட்டுக்காரரை உள்ளே கூப்பிட்டுச் சொன்னார்கள். அது பெரிய உதவி.

அப்போதே, "மகளுக்கு எச்.பி.வி. ஊசி போட்டாச்சா?" என்றும் கேட்டார்கள். இந்த நோய்க்கு எச்.பி.வி. என்ற வைரஸ்தான் காரணம். இரண்டு மூன்று தடவை போட வேண்டுமே என்றேன். ஒன்றே போதும் என்றார்கள். இந்தியாவில் நடந்த ஒரு தடுப்பூசி ஆய்வு 2010-இல் பாதியில் நின்றுபோக, பல பெண் பிள்ளைகளுக்கு ஒரு டோசோடு நின்றுவிட்டதாம். அவர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்ததில், அந்த ஒன்றே நன்றாக வேலை செய்திருக்கிறது. பாதியில் நின்ற ஆய்வு இப்படியும் உதவுமா என்று ஆச்சரியமாக இருந்தது. மகளுக்குப் போட்டாயிற்று.

ஒரு வருடம் கழித்து அதே சிஸ்டரிடம் போனேன். வினிகர், ஒரு நிமிடம், வெள்ளை இல்லை.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அந்தக் காலத்தில் அவள் ஊருக்கும் நர்சுகள் வீடு வீடாக வந்திருக்கிறார்கள். "எனக்கென்னடி நோயா நொடியான்னு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால போய் நின்னுக்கிட்டேன்" என்றாள். அந்த ஆய்வில் கூப்பிட்டும் வராத 17,968 பேரில் எங்கள் அம்மாவும் ஒருத்தியாக இருக்கலாம். 68 வயதில் நன்றாகத்தான் இருக்கிறாள். அப்புறம், "உச்சி வெயில்ல நடந்து வந்த பிள்ளைங்க. ஒரு டம்ளர் மோராவது குடுத்து அனுப்பியிருக்கலாம்" என்றாள்.