இரண்டாவது இரவு

2026 மார்ச் 13, வெள்ளி

பின்னிரவு 2.40. கை நடுங்குவதால் எழுத்து கோணலாக வருகிறது.

சிறுகோள் தேடி, சிம்மத்துக்கும் கன்னிக்கும் இடைப்பட்ட வானப் பகுதியை மூன்று தொகுதியாகப் படமெடுத்தேன். தொகுதிக்கு இருபது படங்கள், படத்துக்கு ஒரு நிமிடம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் முதன்மைப் பட்டைச் சிறுகோள்களின் வழக்கமான வேகத்துக்குப் படங்களை நகர்த்தி அடுக்கியபோது விண்மீன்கள் எல்லாம் கோடுகளாக நீண்டன. ஒன்று மட்டும் புள்ளியாக நின்றது. மூன்று தொகுதியிலும் இருக்கிறது, மேற்கு நோக்கிப் போகிறது, நிமிடத்துக்கு அரை விகலை (விகலை என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு). பிரகாச எண் 20.4 என்று வருகிறது, எண் கூடக் கூட மங்கல். தெரிந்த சிறுகோள்களின் பட்டியலில் அந்த இடத்தில் எதுவும் இல்லை. பக்கத்தில் இரண்டு இருக்கின்றன, இரண்டும் வேறு திசையில் போகின்றன. பட்டியலை நான்கு முறை பார்த்துவிட்டேன். கணினியின் கடிகாரத்தையும் பார்த்தேன், சரியாக இருக்கிறது.

யாரையும் எழுப்பவில்லை.

மார்ச் 14

மேகம்.

மார்ச் 15, ஞாயிறு

மேகம். நேற்றைவிடத் தடிமன்.

ஓர் இரவின் அளவீடு கண்டுபிடிப்பு ஆகாது. உலகெங்குமிருந்து சிறுகோள் அளவீடுகளைத் திரட்டும் மைனர் பிளானட் சென்டருக்கு அனுப்பிவிட்டேன். ஆனால் இன்னோர் இரவு வந்து சேரும்வரை அது துணையில்லாத ஒற்றைத் தடங்களின் கோப்பில்தான் கிடக்கும். 2010இலிருந்து விதி அப்படி: கண்டுபிடிப்பு யார் பெயரில் பதிவாகும் என்பதில் இரண்டாவது இரவின் அளவீடு எப்போது வந்து சேர்ந்தது என்பதும் கணக்கு. முதலில் பார்த்தவன் என்பது மட்டும் போதாது. இந்த விதியில் எனக்குக் குறை இல்லை. ஒரு பொருளைத் தொடர்ந்து பிடித்துவைத்திருப்பவன்தான் அதைக் கண்டவன். ஆனால் இன்று அந்த விதி நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

உலகத்தில் வேறு எங்கோ இன்று வானம் தெளிவாக இருக்கும்.

மார்ச் 16

வீட்டுக்காரர் மறுபடி வந்தார். 31ஆம் தேதிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதில் மாற்றமில்லை. தொலைநோக்கியை எடுத்துப் போகலாம், நகரும் கூரையைப் பிரித்து எடுத்துப் போகலாம். தொலைநோக்கி நிற்கும் தூணை என்ன செய்வது? தரைக்குக் கீழே ஆறடி கான்கிரீட். துருவ திசைக்கு அதைச் சரிபார்த்து முடிக்கவே ஒரு குளிர்காலம் பிடித்தது. மைனர் பிளானட் சென்டர் தந்த மூன்று எழுத்து நிலையக் குறியீடு இந்த இடத்துக்குத்தான், எனக்கு அல்ல. புதிய இடத்தில் புதிய தூண், புதிய அளவீடுகள், புதிய குறியீடு.

மார்ச் 17

மழை. கூரையின் தண்டவாளத்துக்கு எண்ணெய் விட்டேன்.

மார்ச் 18, புதன்

இத்தாலிய வானியலாளர் பியாட்சியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். 1801 ஜனவரி முதல் நாள் பலெர்மோவில், முதல் சிறுகோளான சீரிஸைப் பார்த்தார். பிப்ரவரி 11 வரைதான் தொடர முடிந்தது, இடையில் உடல்நலம் கெட்டது. பிறகு அது சூரிய ஒளிக்குள் போய்விட்டது. இருபத்துநான்கு வயதுக் கணிதர் காஸ் அதன் பாதையைக் கணக்குப் போட்டுக் கொடுக்க, அந்த ஆண்டின் கடைசி இரவில் வானியலாளர் ஸாக் அதைத் திரும்பப் பிடித்தார். பியாட்சியிடம் நாற்பத்தொரு நாள் வளைவு இருந்தது. என்னிடம் இருப்பது ஒரு மணி நேரக் கோடு. அதை ஐந்து நாள் நீட்டினால் எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது. நாளாக ஆகத் தேட வேண்டிய பரப்பு விரிகிறது, என் படத்தின் அகலமோ அரைப் பாகைதான்.

மகள் பெட்டிகளுக்கு எண் ஒட்டுகிறாள். "அப்பா, அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?" என்று கேட்டாள். முதலில் தற்காலிகப் பெயர், பிறகு பல ஆண்டுகள் பார்த்துச் சுற்றுப்பாதை உறுதியான பின் எண், அதற்கும் பிறகுதான் பெயர் என்றேன். பதினாறு எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்றதும் விரல் விட்டு எண்ணத் தொடங்கிவிட்டாள். எனக்கும் ஒரு பெயர் மனத்தில் இருக்கிறது. இங்கே எழுதமாட்டேன்.

மார்ச் 19, வியாழன்

அமாவாசை. மாலை ஆறரைக்கு மேற்கில் ஒரு நீலக் கீற்று. எட்டு மணிக்கு முழு வானமும் திறந்துவிட்டது!

வானத்தில் நான்கு புலங்களை (ஒரு படத்துக்குள் அடங்கும் பகுதிகளை) எடுத்தேன். முதல் மூன்றில் இல்லை. மூன்றாவதில் ஒன்று நகர்ந்தது, பார்த்தால் அது எண் பெற்ற பழைய சிறுகோள். நான்காவதில், ஓரத்திலிருந்து விரற்கடை தூரத்தில், அதே வேகம், அதே மங்கல். எழுந்து நின்றுவிட்டேன். நின்றபடியேதான் அளந்தேன். இரண்டு இரவையும் சேர்த்துச் சுற்றுப்பாதை போட்டால் எந்தப் புள்ளியும் அரை விகலைகூட விலகவில்லை.

அதுவேதான்.

அனுப்பியது 1.12க்கு. பெற்றுக்கொண்டதாகத் தானியங்கிப் பதில் 1.13க்கு.

மார்ச் 20

தூங்கவில்லை. இன்றும் தெளிவு. மூன்றாவது இரவும் கிடைத்தது. கணித்த இடத்திலேயே நின்றது, பழகிய முகம்போல.

மார்ச் 22

பதில் இல்லை.

சிலியில் ரூபின் ஆய்வகம் கடந்த ஆண்டு சுமார் பத்து மணி நேரப் படங்களில் 2104 புதிய சிறுகோள்களைக் காட்டியது. கண்ணாடியின் விட்டம் 8.4 மீட்டர். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து ஒரு கேள்வி விடாமல் வருகிறது: நாற்பது சென்டிமீட்டர் கண்ணாடிக்கு இனி என்ன மிச்சம்? ஜெர்மனியின் ஹென்கே ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர். பதினைந்து ஆண்டு தேடி 1845இல் அஸ்ட்ரேயா என்ற சிறுகோளைக் கண்டார். அதற்கு முன் முப்பத்தெட்டு ஆண்டுகளாக யாருக்கும் ஒன்றும் அகப்படவில்லை, எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் பலரும் நம்பியிருந்தார்கள். அவர் நம்பவில்லை. இன்றைய நிலை வேறு என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அவரை விட முடியவில்லை.

மார்ச் 24

பதில் இல்லை. வேறு யாராவது 14ஆம் தேதியே இரண்டாவது இரவை அனுப்பியிருந்தால்?

மார்ச் 25

அதே கேள்வி.

மார்ச் 27, வெள்ளி

கேமராவைக் கழற்றினேன். கண்ணாடியைப் பஞ்சுத்துணியில் சுற்றிப் பெட்டி எண் 1 என்று மகள் எழுதினாள். மற்றப் பெட்டிகளின் எண்களை எல்லாம் அதற்காக மாற்றியிருக்கிறாள்.

மார்ச் 28

தூணின் மேல்தகட்டில் நான்கு துளைகள். மழை இறங்காதபடி மெழுகு ஊற்றி அடைத்தேன். யாருக்காக என்று தெரியவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

பதில் இல்லை. நிலவு சிம்மத்துக்கு வந்துவிட்டது. கண்ணாடி வெளியே இருந்தாலும் இன்று அது தெரியாது. எங்கே இருக்கிறது என்று மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளை காலை ஏழு மணிக்கு லாரி.