பத்துப் புளியங்கொட்டையும் அடுத்த வருஷத்து விலையும்

அடுத்த வருஷம் விலைவாசி எவ்வளவு ஏறும் என்று மக்கள் எதிர்பார்க்கிறார்கள்? அதை வீடு வீடாகக் கேட்டு அளக்கும் ஆய்வு எங்களுடையது. "அடுத்த ஆண்டு பணவீக்கம் எத்தனை சதவீதம் இருக்கும்?" என்று தேனி மாவட்டத்துக் கம்பம் ஊரில் ஒரு வீட்டு வாசலில் நின்று கேட்டால், "தக்காளி எம்பது ரூவா விக்குது" என்றுதான் பதில் வரும். கேட்டது ஏற்றம், கிடைத்தது இன்றைய விலை. அதனால் சதவீதத்தையே கேள்விப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். பதிலாக இப்படிக் கேட்டோம்: "இன்னிக்கு நூறு ரூவாய்க்கு வாங்குற மளிகைச் சாமானை அடுத்த வருஷம் இதே மாசம் வாங்க எவ்வளவு வேணும்?" இதில் 'இதே மாசம்' விட்டுப்போனால் மழைக்கால விலையும் அறுவடைக்கால விலையும் கலந்துவிடும்.

ரிசர்வ் வங்கி 2005 முதல் நடத்தும் பணவீக்க எதிர்பார்ப்பு ஆய்வு நகரக் குடும்பங்களுக்கானது. மூன்று மாதம் கழித்து, ஒரு வருஷம் கழித்து என்ற அதன் கால அளவுகளை ஒப்பிட வசதியாக அப்படியே வைத்துக்கொண்டோம். கூடுதலாகக் கூலியும் கேட்டோம். கேரள எல்லையில் குமுளிப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் போகிறவர்களுக்குக் கூலி கேரளத்தில், சந்தை தமிழ்நாட்டில். எந்தப் பக்கத்து விலை, எந்தப் பக்கத்துக் கூலி என்று கேள்வியிலேயே சொல்லிவிட வேண்டும்.

எவ்வளவு உறுதியாக நம்புகிறார்கள் என்பதை அளக்க 10 புளியங்கொட்டை. ஒரு கொட்டை பத்தில் ஒரு வாய்ப்பு. முதலில் பழக்கம்: நாளைக்கு மழை வருமா? ஒரு வாரத்துக்குள் வருமா? நாளைக்கு 4 வைத்தவர் வாரத்துக்கு 3 வைத்தால் விளங்கவில்லை என்று அர்த்தம், திரும்பச் சொல்ல வேண்டும். பிறகு பத்துக் கொட்டையையும் பிரித்து வைக்க அட்டையில் ஐந்து கட்டம், ரூபாய்க் கணக்கில்: 100க்குக் கீழே, 100 முதல் 105, 105 முதல் 110, 110 முதல் 120, அதற்கு மேல். கட்டம் பிரிப்பதில்தான் வம்பு. நடுக்கட்டத்தைப் பார்த்ததும் 'இதுதான் சரியான விடை போல' என்று கொட்டை அங்கே குவியும். அதனால் ரூபாய்க் கேள்வியை முதலில் கேட்டு எழுதிக்கொண்ட பிறகே அட்டையை எடுக்க வேண்டும். இரண்டு கட்டத்தில் ஐந்துக்கு ஐந்து என்று பிரித்து வைப்பவரிடம் "ரெண்டும் சமமா, இல்ல சொல்லத் தெரியலையா?" என்று கேட்டுத் தனியாகக் குறிக்க வேண்டும், இரண்டும் ஒன்றல்ல.

பதில்கள் 110, 120, 150 என்று முழு எண்களிலேயே விழும். 200 என்று சொன்னவரை வெட்டி எறியாதீர்கள். சராசரியை அது இழுக்கும், இடைநிலையை (பதில்களை வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்பதை) அவ்வளவாக அசைக்காது.

இரண்டாம் சுற்றுக்கு ஆறு மாதம் கழித்து அதே வீட்டுக்குப் போவது போதாது, அதே ஆள் வேண்டும். முதல் சுற்றில் மனைவி, அடுத்ததில் கணவர் பேசினால், எதிர்பார்ப்பு மாறியதா, ஆள் மாறினாரா என்று பிரிக்க வழியே இல்லை. தோட்டத்துக்குப் போகிறவர்கள் காலையில் சிக்க மாட்டார்கள். சாயங்காலம் ஜீப் இறங்கி, அடுப்பு பற்றவைத்த பிறகு போங்கள்.