பீப்பாய் தெளியும்வரை

2012 அக்டோபர். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் எம்.எஸ்ஸி. சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, கொண்டுபோன பணத்தில் பாதி கரைந்துவிட்டது. மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்யலாம். நான் குடியிருந்த தெருவின் முனையில் ஒரு பப். அதன் ஜன்னலில் மாலை வேலைக்கு ஆள் தேவை என்று கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள். மூன்று நாள் அதைத் தாண்டித் தாண்டிப் போய்விட்டு, நான்காம் நாள் உள்ளே நுழைந்தேன்.

"எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. பரவாயில்லையா?" முதலில் கேட்டதே இதைத்தான். லேண்ட்லேடி சிரிக்கவில்லை. "ருசி பார்த்துச் சொல்லத் தெரிந்தால் போதும். குடிக்கத்தான் ஊரே வருகிறதே," என்றார்.

லேண்ட்லேடி என்றால் அங்கே வீட்டுக்கு வாடகை வாங்குபவர் மட்டும் அல்ல, பப்பை நடத்தும் பெண்மணிக்கும் அதுதான் பெயர். எங்கள் லேண்ட்லேடி பப்பின் மாடியிலேயே குடியிருந்தார். பப் என்ற சொல்லே பப்ளிக் ஹவுஸ் என்பதன் சுருக்கம்தான். ஒருவருடைய வீட்டின் கீழ்த்தளம் ஊருக்குத் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இதையெல்லாம் அன்று இரவு தொலைபேசியில் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "சாராயக் கடைக்கா வேலைக்குப் போற?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. மதுக்கடை வாசலைத் தாண்டி நானும் அதுவரை எதையும் பார்த்ததில்லை.

முதல் வாரம் என்னைக் கவுண்ட்டருக்குள்ளேயே விடவில்லை. லேண்ட்லேடி நேராக நிலவறைக்கு அனுப்பினார். பதினொரு கற்படி இறங்கினால் தாழ்ந்த கூரை, சுண்ணாம்பு அடித்த சுவர், ஈரத் தரை, எப்போதும் 12 டிகிரி. இங்கிலாந்தில் பீரை வெதுவெதுப்பாகக் குடிப்பார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. பீப்பாய் ஏல் என்ற பீர் வகைக்கு 11 முதல் 13 டிகிரி வேண்டும். அதற்குக் கீழே போனால் ருசி உறைந்துவிடும், மேலே போனால் சீக்கிரம் கெட்டுப்போகும்.

பீப்பாய் ஏல் என்பதுதான் பழைய முறை. மதுவடிப்பு ஆலையிலிருந்து வரும்போது அது முழுமையாகத் தயாராகியிருக்காது. உள்ளே ஈஸ்ட் உயிரோடு இருக்கும், கடைசிக் கட்ட நொதித்தல் பப்பின் நிலவறையில்தான் நடக்கும். எங்களுக்கு வந்தவை பெரும்பாலும் ஃபர்க்கின் எனப்படும் 9 காலன் பீப்பாய்கள். ஒன்றில் கணக்குப்படி 72 பைண்ட் (பைண்ட் என்பது அரை லிட்டருக்குச் சற்று அதிகம்), மண்டி கழித்தால் அதைவிடக் குறைவு. வந்ததும் அதை ஸ்டில்லேஜ் என்கிற தாங்கியில் படுக்கவைத்து, இரண்டு பக்கமும் ஆப்பு செருகி அசையாமல் நிறுத்த வேண்டும். பிறகு மேல் துளையில் ஒரு மென்மையான மரமுளையை மரச்சுத்தியால் அடித்து இறக்குவோம். புஸ்ஸென்று காற்று கிளம்பி நுரை பொங்கும். நுரையைத் துடைத்துத் துடைத்து, அது அடங்கும் வரை காத்திருந்து, பிறகு கெட்டியான முளையை மாற்ற வேண்டும். அடுத்தது முன்பக்கத்தில் குழாய் அடிப்பது. ஒரே அடியில் இறங்கினால் உண்டு, தயங்கினால் சட்டையெல்லாம் பீர். அதன்பின் ஒரு நாளோ இரண்டு நாளோ யாரும் அதன் பக்கத்தில் போகக் கூடாது. மண்டி அடியில் படிந்து, மேலே இருப்பது தெளிய வேண்டும்.

தெளிவதற்கு உதவியாக மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஒரு பொருளைச் சேர்ப்பார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. சைவ உணவுக்காரர் யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்பது லேண்ட்லேடி வைத்திருந்த விதி.

இதெல்லாம் எனக்குச் சட்டென்று பிடிபட்டதற்குக் காரணம் தோசை மாவு. வெயில் காலத்தில் எத்தனை மணி நேரத்தில் பொங்கும், மார்கழியில் எத்தனை நேரம், புளித்ததற்கும் புளித்துப்போனதற்கும் மூக்கு எப்படி வித்தியாசம் காணும் என்று அம்மா சொல்லாமலே கற்றுக்கொடுத்திருந்தார். அந்த வாரம் அவரிடம் அதைச் சொன்னபோது, முதல்முறையாகக் குரலில் ஆர்வம் தெரிந்தது. "திறந்தா எத்தனை நாள் தாங்கும்?" என்று கேட்டார். மூன்று நாள் என்றேன். "அப்ப கொஞ்சமா வாங்கணும்," என்றார்.

நல்ல பப்பின் முதல் சூத்திரம் அதுதான். பீர் இறங்க இறங்கப் பீப்பாய்க்குள் காற்று நுழைகிறது. மூன்று நாளில் விற்றாக வேண்டும். கவுண்ட்டரில் நிலவறையிலிருந்து பீரை இழுக்கும் கைப்பம்ப் பத்து வரிசையாக மின்னும், கூட்டமோ பத்துப் பேர் என்றால் அங்கே கடைசியாக எது ஓடியதோ அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். எங்களிடம் நான்குதான். இடம் இருந்தும் ஐந்தாவதை வைக்க லேண்ட்லேடி ஒத்துக்கொள்ளவில்லை. வாரம் ஒருமுறை குழாய்களை மருந்து விட்டுக் கழுவி, தண்ணீர் ஓடவிட்டு அலசுவோம். தினமும் கதவு திறக்கும் முன் ஒவ்வொரு பம்ப்பிலும் இரவெல்லாம் குழாயில் நின்றதை இழுத்துக் கொட்டிவிட்டு, அடுத்ததில் ஒரு வாய் நான் ருசி பார்ப்பேன். கொட்டுவது காசு. அந்தக் காசைக் கொட்ட மனம் வராத பப்பில் முதல் வாடிக்கையாளரின் கோப்பையில்தான் அது போய்ச் சேரும்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை என் கையால் ஒரு பீப்பாய் கெட்டது. அடியில் கொஞ்சமே மிச்சம் இருக்கும் பீப்பாயைப் பின்பக்கம் மெதுவாக உயர்த்திவைப்பது வழக்கம். அவசரத்தில் வெடுக்கென்று தூக்கினேன், பக்கத்துப் பீப்பாயிலும் இடித்தேன். தெளிந்து தயாராக இருந்த புதுப் பீப்பாய் கலங்கிப்போனது. மேலே அறை நிறைய ஆள். வந்து பார்த்த லேண்ட்லேடி ஒன்றும் சொல்லவில்லை. மேலே போய், அந்தக் கைப்பம்ப்பில் பெயர் எழுதிய வில்லையைப் பின்பக்கமாகத் திருப்பிவைத்தார். இந்த பீர் இப்போது இல்லை என்று அதற்குப் பொருள். கூட்டம் அலைமோதும் இரவில் நான்கில் ஒன்று இல்லை. "இருப்பதை ஊற்றிக் கொடுத்துவிடலாமே, யாருக்குத் தெரியும்?" என்று கேட்ட இன்னொரு பையனுக்கு அவர் சொன்ன பதில்: "எனக்குத் தெரியும்."

அந்த வாரம்தான் ஒரு ஞாயிறு, கெல்ஹாம் ஐலண்டுப் பக்கம் போய் ஃபேட் கேட் என்ற பப்பைப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினார். இரும்பாலைகள் மூடிக்கொண்டிருந்த 1981-ல் டேவ் விக்கெட் என்பவர் அங்கே பப்பைத் திறந்து, பீப்பாய் ஏலையே நம்பி நடத்தினார். 1990-ல் பக்கத்திலேயே சொந்தமாகச் சிறு பீர் ஆலை. அதில் வடித்த பேல் ரைடர் 2004-ல் பிரிட்டனின் தலைசிறந்த பீர் என்ற பட்டம் பெற்றது. பட்டம் தருவது காம்ரா, பீப்பாய் ஏலை அழிய விடக்கூடாது என்று 1971-ல் பீர் ரசிகர்களே தொடங்கிய இயக்கம். ஊர் சோர்ந்திருந்த காலத்தில் ஒரு தெருமுனைப் பப்பிலிருந்து ஒரு தொழில் முளைத்தது எனக்குப் பெரிய செய்தியாகத் தெரிந்தது. அரைப் பைண்ட் வாங்கி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் வந்து "வேறென்ன வேண்டும்?" என்று நச்சரிக்கவில்லை.

ஜனவரியில் கவுண்ட்டருக்கு ஏறினேன். பப்பில் மேசைக்கு வந்து யாரும் ஆர்டர் எடுப்பதில்லை, எல்லோரும் கவுண்ட்டருக்கு வர வேண்டும். அங்கே வரிசையும் கிடையாது. பன்னிரண்டு பேர் தோளோடு தோள் நிற்பார்கள், ஆனால் யாருக்குப் பின் யார் என்பது பன்னிரண்டு பேருக்கும் தெரியும். இந்தக் கண்ணுக்குத் தெரியாத வரிசையை மனதில் வைத்திருப்பவன்தான் நல்ல பரிமாறுபவன். பணத்தை ஆட்டிக் கூப்பிடுபவருக்கு முதலில் கொடுத்தால் மற்றவர்கள் எதுவும் பேச மாட்டார்கள். முகம் மட்டும் இறுகும். "அடுத்து அவர்" என்று வாடிக்கையாளரே பக்கத்து ஆளைக் காட்டிவிடும் நேர்மையை நான் அங்கே நூறு முறை பார்த்திருக்கிறேன். எழுதிவைக்காத ஒழுங்கு இத்தனை பேரைக் கட்டுப்படுத்துவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அலுக்கவே இல்லை.

ஷெஃபீல்டில் ஆணோ பெண்ணோ எல்லோருக்கும் எல்லோரும் 'லவ்'. இரும்பாலையில் முப்பது வருடம் உழைத்த கை கோப்பையை நீட்டி "டா, லவ்" என்று சொல்லும்போது முதலில் கூசியது. அங்கே 'டா' என்றால் நன்றி. ஒரு மாதத்தில் நானும் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

செவ்வாய்தோறும் ஆறு மணிக்கு ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் தனியாக வருவார். கணப்புக்குப் பக்கத்து மூலை, அரைப் பைண்ட், ஒரு தடித்த புத்தகம். "அவர் கண்ணாடியைக் கழற்றினால் பேசலாம். அதுவரை போகாதே," என்று முதல் நாளே எனக்குச் சொல்லிவைத்திருந்தார் லேண்ட்லேடி. ஒரு மாலை வெளியூர்க்காரர் ஒருவர் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, என்ன படிக்கிறீர்கள் என்று ஆரம்பித்தார். லேண்ட்லேடி விறகு போடும் சாக்கில் போய் அங்கேயே நின்று, "உங்கள் கோப்பையைக் கவுண்ட்டரில் விட்டுவிட்டீர்கள், வாருங்கள்," என்று அவரை அழைத்து வந்துவிட்டார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. அந்தப் பெண்மணி பக்கத்தைப் புரட்டினார். இப்போது எந்தப் பப்புக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் தேடுவது இதைத்தான்: ஒரு பெண் தனியாக உட்கார்ந்து படிக்கிறாரா?

பழைய பப் என்றாலே இதெல்லாம் தானாக அமைந்துவிடுவதில்லை. லண்டன் ஃப்ளீட் தெருவில் எல் வினோ என்ற புகழ்பெற்ற ஒயின் பாரில் பெண்கள் கவுண்ட்டரில் நின்று வாங்கக் கூடாது, பின் அறையில் உட்கார வேண்டும் என்று விதி இருந்தது. அது சட்டவிரோதம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது 1982-ல். பர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் ஸ்மெத்விக்கில் தோல் நிறம் பார்த்து அறை பிரித்த பப்கள் இருந்தன. 1965 பிப்ரவரியில், கொல்லப்படுவதற்குச் சில நாள் முன்பு, அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராளி மால்கம் எக்ஸ் அங்கே வந்தார். இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் அவதார் சிங் ஜோஹ்ல் அவரைப் பப்புக்கு அழைத்துப் போனபோது ஓர் அறையில் அவர்களுக்குப் பரிமாற மறுத்தார்கள். பொது இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடுத்த சட்டம் அந்த ஆண்டுதான் வந்தது. அதே ஸ்மெத்விக்கில் இன்று பஞ்சாபியர் நடத்தும் தேசி பப்கள் இருக்கின்றன. பீரோடு சுட்ட இறைச்சித் தட்டுக்கும் பெயர் போனவை. கருகிய ஓக் உத்திரமும் பித்தளை விளக்கும் மட்டும்தான் பாரம்பரியம் என்றால், ஜோஹ்லை மறுத்த அறைக்கும் அந்தப் பெயரைக் கொடுக்க வேண்டியிருக்கும். எனக்கு மனம் வரவில்லை.

என்னிடமும் ஒருமுறை நடந்தது. நான் ஊற்றினால் வேண்டாம், அந்தப் பெண் ஊற்றட்டும் என்றார் ஒருவர். லேண்ட்லேடி கல்லாவிலிருந்து திரும்பாமலே, "இந்த பீர் நிலவறையில் இவன் கையால் தெளிந்தது. இவன் கையால் வேண்டாமென்றால் இங்கே உங்களுக்கு வேறு பீர் இல்லை," என்றார். வேண்டாம் என்றவர் போய்விட்டார். பின்னால் நின்ற இருவர் எதுவுமே நடக்காததுபோல் என்னிடம் இரண்டு பைண்ட் கேட்டார்கள். அப்படிக் கேட்டதுதான் எனக்குத் தேவைப்பட்டது.

மறுப்பதும் வேலையில் ஒரு பகுதி. போதையில் இருப்பவருக்கு ஊற்றுவது இங்கிலாந்தில் குற்றம். ஆனால் சட்டத்தைக் காட்டி மறுத்தால் சண்டை வரும். பேச்சு நீளும் முன், மூன்றாவது கோப்பையிலேயே கவனித்து, தண்ணீரும் வறுவலும் முன்னால் வைத்து வேகத்தைக் குறைக்க வேண்டும். பழைய வாடிக்கையாளர் ஒருவர் வாரம் முழுக்க வர ஆரம்பித்தபோது, வியாபாரத்துக்கு நல்லதுதானே என்று நான் நினைத்தேன். லேண்ட்லேடி அவரைப் பின்பக்கம் அழைத்துப் போய் நெடுநேரம் பேசினார். குடி எத்தனை குடும்பங்களைக் குலைக்கும் என்பது அதை விற்பவருக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் கண்டுகொள்ளாத இடம் எத்தனை அழகாக இருந்தாலும் நல்ல பப் இல்லை என்பதில் எனக்கு அன்றும் இன்றும் சந்தேகமில்லை.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பன்றி இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' என்ற மாவுப் பண்டம், ஊறவைத்த வெங்காயம், சீஸ் வைத்த ரொட்டி. தொலைக்காட்சி கிடையாது. டோமினோ கட்டைகள் மேசையில் தட்டும் ஒலி உண்டு.

பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஷெஃபீல்டின் மேற்கு மலைக் கிராமங்களில் நவம்பர் நடுவிலிருந்து கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வரை பப்களில் கிறிஸ்துமஸ் பாட்டுக் கச்சேரி. 19-ஆம் நூற்றாண்டில் தேவாலயங்கள் நாகரிகமில்லை என்று கைவிட்ட பழைய பாட்டுகள் பப்பில் வந்து ஒதுங்கி, அங்கேயே உயிர் பிழைத்தன. டங்வொர்த்தில் ராயல் ஹோட்டலுக்கு ஒரு ஞாயிறு மதியம் போனேன். நிற்க இடமில்லை, கோப்பைகள் தலைக்கு மேலே கைமாறிப் போயின. மேடை இல்லை, கேட்பவர்கள் என்று தனியாக யாரும் இல்லை, நான்கு குரல்களில் அறையே பாடியது. ஒரே பாட்டை வேறு வேறு மெட்டில் திரும்பத் திரும்பப் பாடினார்கள். மார்கழி பஜனையில் தாத்தாவின் தோளில் உட்கார்ந்திருந்த நினைவு வந்து தொண்டை அடைத்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற கிழவர் தன் பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் சாய்த்துப் பிடித்து, விரலால் வரியைக் காட்டிக்கொண்டே பாடினார்.

2014 ஜனவரியில் விசா முடிந்தது. கடைசி மாலை திங்கட்கிழமை, கூட்டம் குறைவு. "கீழே ஒரு ஃபர்க்கின் வந்திருக்கிறது, முளை அடித்துவிடு," என்றார் லேண்ட்லேடி. இறங்கிப் போய், இரண்டு பக்கமும் ஆப்பு சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். மரச்சுத்தியால் ஒரே அடி. புஸ்ஸென்று காற்று கிளம்பியது. நுரையைத் துடைத்தபடி அது அடங்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு கெட்டி முளையை மாற்றி, குழாயை இறக்கி, பீப்பாயின் முகத்தில் சாக்பீஸால் தயாராகும் நாளை எழுதினேன்: வியாழன்.

என் விமானம் புதன்கிழமை. மேலே பதினொரு மணிக்கான மணி அடித்தது. எதையும் அசைக்காமல் விளக்கை அணைத்துவிட்டுப் படியேறினேன்.