வலப்பக்கம் ஒதுக்கிய தேதிகள்

பல்கலைக்கழகத்தின் வணிக மேலாண்மைத் துறையில், மாணவர்களை இன்டர்ன்ஷிப்புக்கு அனுப்பிவைக்கும் வேலைக்கு நான் வந்து 9 வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் 11 வருடம் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில், அதே மாணவர்களை வாங்கிக்கொள்ளும் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அனுப்புகிறவர்கள் "எல்லாம் சொல்லிக்கொடுத்துதான் அனுப்புகிறோம்" என்பார்கள். வாங்குகிறவர்கள் "ஒன்றும் தெரியாமல் வந்து நிற்கிறார்கள்" என்பார்கள். இரண்டையும் நானே கூசாமல் சொல்லியிருக்கிறேன்.

நான் வாங்கிக்கொள்ளும் பக்கம் இருந்தபோது நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று நான் செய்கிற எல்லாவற்றுக்கும் அடியில் அதுதான் கிடக்கிறது.

ஒரு ஜூன் மாதம். இறுதியாண்டு மாணவன் ஒருவன் 8 வார இன்டர்ன்ஷிப்புக்கு வந்திருந்தான். வகுப்பில் முதல் மாணவன். எக்ஸெல்லில் கை பறக்கும். அவனிடம் ஏஜிங் ரிப்போர்ட்டைக் கொடுத்தேன். யார் யாரிடமிருந்து எவ்வளவு வரவேண்டியிருக்கிறது, பில் போட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று பிரித்துக் காட்டும் பட்டியல் அது. 90 நாளைத் தாண்டியவர்களுக்கு நினைவூட்டல் கடிதம் போகும்.

எங்கள் பில்லிங் மென்பொருள் தேதியை நாள், மாதம், வருடம் என்ற வரிசையில் வெளியே தள்ளும். அவன் மடிக்கணினியோ மாதத்தை முதலில் வைத்துப் படிக்கும்படி அமைந்திருந்தது. இப்படி ஆனால் எக்ஸெல் என்ன செய்யும் என்பது பட்டவர்களுக்குத் தெரியும். நாள் 12 அல்லது அதற்குக் கீழே இருந்தால், மாதமென்று நம்பிச் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்ளும். மே 3-ம் தேதி போட்ட பில் மார்ச் 5-ம் தேதிக்குப் போய்விடும். நாள் 13 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதைத் தேதியாகவே மதிக்காது. வெறும் எழுத்தாக விட்டுவிடும். எழுத்து கட்டத்தில் இடப்பக்கம் ஒட்டி நிற்கும், தேதி வலப்பக்கம் ஒட்டி நிற்கும். ஆக, ஒரே நெடுவரிசையில் பாதி இடமும் பாதி வலமுமாகப் பல்லிளித்துக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, மார்ச் 8-ம் தேதி பில்கள் ஆகஸ்ட் 3-ம் தேதிக்குத் தாவி, கடந்த நாட்கள் கழித்தல் குறியோடு வந்து நின்றன. இன்னும் வராத தேதியில் போட்ட பில்கள்!

செவ்வாய்க்கிழமை அவன் இதைப் பார்த்துவிட்டான். பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்தான். நான் தொலைபேசியில் இருந்தேன். ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன், ஒரு நிமிடம் என்று. நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான். மத்தியானம் இன்னொரு முறை வந்தான். அப்போதும் விரல்தான்.

அதன்பிறகு அவனாகவே "சரி" செய்தான். எழுத்தாக நின்ற தேதிகளில் நாள் கணக்குப் போட்டால் பிழைச்செய்தி வந்தது. அங்கெல்லாம் இஃப்எர்ரர் என்ற எக்ஸெல் சூத்திரத்தைப் போட்டு, பிழை வந்தால் 0 என்று நிரப்பினான். 100 நாளைத் தாண்டிய பாக்கிகள் இன்று போட்ட பில்போல ஆகிவிட்டன. கழித்தல் குறி வந்தவற்றை 30 நாளுக்குள் இருக்கும் கட்டத்தில் சேர்த்தான். கடைசியாக, பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து வலப்பக்கம் ஒதுக்கினான். தப்பைக் காட்டிக்கொடுக்கக்கூடிய ஒரே அடையாளம் அதோடு போயிற்று.

வெள்ளிக்கிழமை பட்டியல் என்னிடம் வந்தது. நான் மொத்தத் தொகையை லெட்ஜரோடு ஒப்பிட்டேன். பைசா பிசகாமல் ஒத்துப்போனது. ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? தேதிதானே மாறியிருந்தது, தொகை மாறவில்லையே. கையெழுத்துப் போட்டேன். 14 கடிதங்கள் போயின. திங்கட்கிழமை முதல் தொலைபேசி அழைப்பு, பல வருடமாகத் தவணை தவறாத ஒரு வாடிக்கையாளரிடமிருந்து. பில் போட்டு 38 நாள்தான் ஆகியிருந்தது. எங்கள் கடிதம் 97 நாள் என்றது.

அவனைக் கூப்பிட்டேன். "இத ஏன்பா எங்கிட்ட சொல்லல?"

"சொல்ல வந்தேன் மேடம். நீங்க பிஸியா இருந்தீங்க. அப்புறம் நானே சரி பண்ணிட்டேன்னு நெனச்சேன்."

அன்றைக்கு அவனைத் திட்டினேன் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். என் விரல் நினைவுக்கு வர இரண்டு நாள் ஆயிற்று. அவன் அந்த 0-வை எங்கிருந்து கற்றுக்கொண்டான் என்று புரிய இன்னும் நாளாயிற்று. நான் இந்தப் பக்கம் வந்து, முதல் பருவத் தேர்வுக்கு விடைத்தாள் திருத்த உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. கேள்விக்குத் துளிகூடச் சம்பந்தமில்லாமல் 2 பக்கம் எழுதியிருந்த ஒரு மாணவிக்கு 10-க்கு 3 போட்டேன். பக்கத்துத் தாளில் ஒருவன் நேர்மையாக வெற்றிடம் விட்டிருந்தான். அவனுக்குப் பூஜ்யம். "தெரியாவிட்டாலும் எதையாவது எழுதிவிட்டு வா, காலியாக விடாதே" என்று பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து நாம்தான் சொல்லி வளர்க்கிறோம். அந்தப் பையன் இஃப்எர்ரரில் செய்ததும் அதுதான்: காலியாக விடவில்லை. 15, 16 வருடப் பயிற்சியை அவன் சிரத்தையாகப் பயன்படுத்தினான். நாங்கள்தான் அதற்குத் தயாராக இல்லை.

வேலைக்குத் தயார்செய்வது என்றாலே ரெஸ்யூமே எழுதுவது, நேர்காணலில் உட்காரும் விதம், குழு விவாதம், பவர்பாயிண்ட் என்று ஒரு வட்டத்துக்குள் சுற்றுகிறோம். அவை வேண்டாமென்று சொல்ல மாட்டேன். கதவுவரை கொண்டுபோய் விடும். உள்ளே போன மூன்றாம் நாள் தேவைப்படுவது ஒன்றுதான். சிக்கிக்கொண்டதை, சிக்கிய அன்றைக்கே, இன்னொருவருக்குப் புரியும்படி சொல்லத் தெரியவேண்டும். இதற்கு எந்தப் பாடத்திட்டத்திலும் ஒரு மணி நேரம்கூட இல்லை.

படிப்பையும் வேலையையும் முறையாகப் பிணைத்துப் பார்த்த முயற்சிகளில் பேர்பெற்றது 1906-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஹெர்மன் ஷ்னைடர் என்ற பொறியியல் பேராசிரியர் 27 மாணவர்களை வைத்து ஆரம்பித்தார். ஒரு வாரம் வகுப்பு, ஒரு வாரம் தொழிற்சாலை. இருவர் ஜோடியாக ஒரே வேலையை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். தொழிற்சாலையில் கை சுட்டுக்கொண்டவன் அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் அந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருப்பான். இப்போது பெரும்பாலான வணிகப் படிப்புகளில் நாம் செய்வது வேறு. கடைசி வருடத்தில் 6 அல்லது 8 வாரம் ஒரேயடியாக அனுப்பிவிட்டு, திரும்பி வந்ததும் ஸ்பைரல் பைண்டிங் போட்ட அறிக்கை ஒன்றை வாங்கிக்கொள்கிறோம். சிக்கல் வந்த வாரம் பேச ஆளில்லை. ஆள் கிடைக்கும்போது சிக்கல் ஆறிப்போய்விடுகிறது.

அந்த அறிக்கைகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். டேவிட் கோல்ப் என்ற கல்வியாளர் 1984-ல் அனுபவவழிக் கற்றலை 4 கட்டச் சுழற்சியாக விளக்கினார்: அனுபவம், அதைத் திரும்பிப் பார்ப்பது, அதிலிருந்து ஒரு கருத்துக்கு வருவது, அதை மறுபடி சோதித்துப் பார்ப்பது. நல்ல யோசனைதான். அதை எடுத்து நாங்கள் 4 தலைப்புள்ள படிவமாக்கினோம். மாணவர்கள் 4 தலைப்பின் கீழும் அழகாக நிரப்பினார்கள். "குழுப்பணியின் முக்கியத்துவத்தை உணர்ந்தேன்", "நேர மேலாண்மையைக் கற்றுக்கொண்டேன்." 60 அறிக்கையில் 50 இப்படித்தான். இந்த வரிகளுக்கு ஆளைப் பார்த்து 8, 9 என்று மதிப்பெண் போட்டவர்களில் நானும் உண்டு.

இதை மாற்ற எனக்குத் தைரியம் கொடுத்தது மருத்துவமனைகளில் நடந்த ஓர் ஆய்வு. ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் செவிலியர் குழுக்களையும் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார், 1996-ல் வெளியானது. நன்றாக ஒத்துழைக்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்தார்கள் என்று அதற்குப் பொருளில்லை. செய்ததைப் பயமில்லாமல் வெளியே சொன்னார்கள் என்ற விளக்கத்துக்கு அவர் வந்தார். இதைப் படித்தபோது என் அலமாரியில் இருந்த பளபளப்பான அறிக்கைகளைத் திரும்பிப் பார்த்தேன். ஒன்றில்கூட ஒரு தவறு இல்லை.

அறிக்கையைத் தூக்கிப்போட எனக்கு அதிகாரமில்லை. அதனால் பக்கத்திலேயே ஒரு வாரக் குறிப்பைச் சேர்த்தேன். அதில் ஒரே கேள்வி: "இந்த வாரம் நீங்கள் தாமதமாகச் சொன்ன விஷயம் எது? எந்த நாள் தெரிந்தது, எந்த நாள் சொன்னீர்கள்?" மதிப்பெண் உண்டு, தவறு சிறியதா பெரியதா என்பதைப் பொறுத்து இல்லை, இரண்டு தேதியும் எழுதியிருந்தால் முழு மதிப்பெண். முதல் வருடம் எல்லோரும் "அப்படி எதுவும் இல்லை" என்று எழுதினார்கள். இரண்டாம் வருடம் ஒரு மாணவி எழுதினாள், தப்பான கோப்பை வாடிக்கையாளருக்கு அனுப்பியதை 4 நாள் கழித்துச் சொன்னதாக. அவளிடம் அனுமதி கேட்டு, பெயரை எடுத்துவிட்டு, அதை வகுப்பில் படித்துக்காட்டினேன். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் பேனாவைத் திறந்தார்கள்.

அனுப்பும் முன்னால் ஒரு பயிற்சியும் உண்டு. வேண்டுமென்றே கெடுத்து வைத்த கோப்பு ஒன்றைக் கொடுப்பேன். அதே தேதிக் குளறுபடிதான், வேறென்ன! நான் மேலாளராக உட்கார்ந்துகொள்வேன். யாராவது வந்தால் விரலைத் தூக்கிக் காட்டுவேன். முக்கால்வாசிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். என்ன முயன்றேன், எங்கே நிற்கிறேன், யாரிடமிருந்து எது எப்போது வேண்டும் என்று 3 வரியை ஒரு துண்டுத்தாளில் எழுதி என் மேசையில் வைத்துவிட்டுப் போனாலே போதும் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. ஒருமுறை சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். இவ்வளவுதானா என்று ஒரு பையன் சிரித்தே விட்டான்.

நிறுவனங்களுக்கு அனுப்பும் மதிப்பீட்டுப் படிவத்தையும் மாற்றினேன். 10 தலைப்பில் 5-க்கு எத்தனை என்று கேட்டால் எல்லாவற்றிலும் 5 போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நானும் அந்தக் காலத்தில் அப்படித்தான் போட்டேன், வேலை முடிந்ததென்று. இப்போது கேட்பது: "இந்த மாணவர் எழுதும் மின்னஞ்சலை நீங்கள் பார்க்காமலே வாடிக்கையாளருக்குப் போக விடுவீர்களா? இல்லையென்றால் ஏன்?" இதற்கு 5 என்று பதில் எழுத முடியாது.

எல்லா இடத்திலும் இது எடுபடுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மாணவி தன் தவறைத் தெரிந்த அன்றே சொன்னாள், நான் சொல்லிக்கொடுத்தபடியே 3 வரியில். மறுநாள் அவளிடமிருந்து கோப்புகளை வாங்கிக்கொண்டு, மீதி 5 வாரமும் நகலெடுக்கவும் காகிதம் அடுக்கவும் விட்டார்கள். அழுதுகொண்டே தொலைபேசியில் கேட்டாள், "நீங்க சொன்னதத்தான மேடம் செஞ்சேன்?" என்னிடம் பதில் இல்லை. இன்டர்ன்ஷிப்பால் முதன்மையாகப் பயன் பெறுவது மாணவரா, நிறுவனமா என்ற கேள்வியை 2015-ல் ஓர் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சம்பள வழக்கொன்றில் உரைகல்லாக எடுத்துக்கொண்டது. அங்கே பிரச்சினை, இன்டர்ன்களை ஊழியராகக் கருதிச் சம்பளம் தரவேண்டுமா என்பது. நான் அதே கேள்வியை வேறு காரணத்துக்காகக் கேட்கப் பழகிக்கொண்டேன். ஒரு நிறுவனம் ஆள் கேட்டால், அங்கே முன்பு போன மாணவர்களின் வாரக் குறிப்புகளை எடுத்துப் பார்க்கிறேன். ஒருவர்கூட ஒரு தவறும் எழுதாத இடங்கள் உண்டு. அங்கே அனுப்பத் தயங்குகிறேன். இதனால் எங்கள் இன்டர்ன்ஷிப் எண்ணிக்கை குறைந்தது. துறைக் கூட்டத்தில் ஏன் என்று கேட்டார்கள். சொன்னேன். பாதிப் பேர் ஏற்றுக்கொள்ளவில்லை.

மாணவர்களுக்கு நான் கடைசி வகுப்பில் சொல்வது தாமஸ் ஹெர்ண்டனைப் பற்றி. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் அப்போது ஆராய்ச்சி மாணவராக இருந்தவர். அரசாங்கக் கடனையும் பொருளாதார வளர்ச்சியையும் பற்றி இரண்டு ஹார்வர்ட் பேராசிரியர்கள் 2010-ல் வெளியிட்ட பிரபலமான கட்டுரையை வகுப்புப் பயிற்சிக்காகத் திரும்பப் போட்டுப் பார்த்தார். விடை வரவில்லை. முதலில் தன்மேல்தான் சந்தேகம் வந்தது. பிறகு பேராசிரியர்களிடமே கோப்பைக் கேட்டு வாங்கினார். எக்ஸெல் சூத்திரம் 49-வது வரிசைவரை போகவேண்டியது 44-வதோடு நின்றிருந்தது; 5 நாடுகள் விடுபட்டுப்போயிருந்தன. அதையும் வேறு சில பிசகுகளையும் சரிசெய்ததில், கடன் மிக அதிகமுள்ள நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதத்திலிருந்து 2.2 சதவீதம் ஆனது. 2013-ல் உலகமே அதைப் பேசியது. வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர்கள் பெரியவர்கள் மாட்டிக்கொண்டதை ரசிக்கிறார்கள். நான் சொல்ல வருவது அதற்கு முந்தைய கட்டம். "எனக்கு இந்த விடை வரவில்லை" என்று அவர் எழுதிக் கேட்டார். அதை மட்டும் கரும்பலகையில் எழுதிவைப்பேன்.

இந்த வாரக் குறிப்புகள் மேசையில் இருக்கின்றன, 43. ஒன்றில் ஒரு மாணவி கேள்விக்குக் கீழே "எதுவும் இல்லை" என்று எழுதி, அடித்து, மறுபடியும் "எதுவும் இல்லை" என்று எழுதியிருக்கிறாள். நாளைக் காலை 10 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். தொலைபேசியை அமைதியில் போட்டுவிட வேண்டும்.