இட்டேரியில் வழி தெரியாமல் நின்ற ரோந்து வண்டி

ராத்திரி ஒன்றே கால் மணிக்கு அப்பா போன் செய்தார். "கண்ணு, கெணத்து மேட்டுல டார்ச் வெளிச்சம் தெரியுது. நாயி விடாமக் கொலைக்குது." நான் இருப்பது கோவையில். அப்பாவும் அம்மாவும் ஈரோடு மாவட்டத்தில், தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்துக்குள்ளேயே இருக்கும் வீட்டில், தனியாக இருக்கிறார்கள். பக்கத்துச் சாளைக்கே அரை கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

"கதவைத் தெறக்காதீங்க, லைட்டையெல்லாம் போடுங்க" என்று சொல்லிவிட்டு 100-க்கு அடித்தேன். உடனே எடுத்தார்கள். ஊர், வட்டம், ஸ்டேஷன் பெயர் எல்லாம் கேட்டுக்கொண்டார்கள். பத்து நிமிடத்தில் ரோந்து வண்டியில் இருந்த ஏட்டு என்னிடம் பேசிவிட்டார். தாமதம் அதற்குப் பிறகுதான். தார் ரோட்டிலிருந்து சாளைக்கு இரண்டு கிலோமீட்டர் இட்டேரி, தோட்டங்களுக்கு நடுவே போகும் மண் பாதை. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் மூன்று பிரிவு, ஒரு விளக்குகூடக் கிடையாது. "புளியமரத்துக்கிட்டத் திரும்புங்க" என்று நான் போனில் சொல்கிறேன். இருட்டில் அவருக்கு எது புளியமரம், எது வேம்பு? வண்டி வாசலுக்கு வந்தபோது மணி இரண்டு பத்து. மோட்டார் கேபிளை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கேபிள் போனால் போகட்டும். 2024 நவம்பர் கடைசியில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டன்பாளையத்தில், தோட்டத்து வீட்டில் இருந்த மூன்று பேரைக் கொன்றார்கள். அடுத்த வருடம் மே மாதம் பிறந்த அன்றே எங்கள் மாவட்டத்துச் சிவகிரி பக்கத்திலிருந்து செய்தி வந்தது: தோட்டத்தில் தனியாக இருந்த வயதான தம்பதி கொலை. அந்த ஐம்பத்தைந்து நிமிடமும் எனக்கு இந்த இரண்டு வீடுகளின் நினைப்புதான்.

காலையில் புகார் கொடுக்கப் போனேன். முதல் ஸ்டேஷனில், கிணறு பக்கத்து ஸ்டேஷன் எல்லையில் வருகிறது என்றார்கள். அங்கே போனால், இல்லை, அவர்கள் எல்லைதான் என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு பகல் போயிற்று. இது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்: 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவுப்படி, வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். மறுநாள் அந்தப் பிரிவை மனுவிலேயே எழுதி, கேபிள் வாங்கிய பில்லையும் வைத்துக் கொடுத்தேன். புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது. நான்கு நாள் கழித்து எஃப்.ஐ.ஆர். போட்டு நகலும் தந்தார்கள். அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் அடுத்த முறை வண்டி சீக்கிரம் வர வேண்டுமே? ஏழு சாளைக்காரர்கள் கையெழுத்துப் போட்டு, புதன்கிழமை குறைதீர்ப்பு முகாமில் எஸ்.பி. அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். எங்கள் பக்கம் பட்டா புத்தகம் வைக்க வேண்டும் என்பதுதான் முக்கியக் கோரிக்கை. ரோந்து வரும் போலீஸ்காரர் வந்ததற்கு அடையாளமாக நேரம் போட்டுக் கையெழுத்திடும் நோட்டு அது. மூன்று சாளைகளில் வைத்தார்கள். எங்களுடையதும் ஒன்று.

அப்புறம் ஆகஸ்ட் 15 கிராம சபையில், இட்டேரிப் பிரிவுகளில் தோட்டத்துப் பெயர்ப்பலகை வைக்கத் தீர்மானம் போட்டோம். ஊராட்சிச் செயலாளர் ஒத்துழைத்தார். செலவில் பாதியை நாங்களே போட்டோம். மொத்தம் பதினேழு பலகை. எழுத்தெல்லாம் ஒளிரும் ஸ்டிக்கரில். வண்டி வெளிச்சம் பட்டால் தூரத்திலிருந்தே தெரியும். ஒவ்வொரு சாளையின் லொக்கேஷனையும் ஸ்டேஷன் போனுக்கு அனுப்பி வைத்தோம். அம்மா போனில் 'காவல் உதவி' செயலியைப் போட்டு, சிவப்புப் பொத்தான் எது என்று காட்டிக் கொடுத்தேன். சாளைக்குள் சிக்னல் சரியாக இருக்காது, திண்ணைப் பக்கத்து ஜன்னலோரம்தான் கிடைக்கும். அதனால் ராத்திரியில் போன் அந்த ஜன்னலில்தான் இருக்க வேண்டும் என்று அம்மாவிடம் உறுதியாகச் சொல்லியிருக்கிறேன்.

பலகை வைத்த வாரம், அன்றைக்கு வழி தெரியாமல் நின்ற அதே ஏட்டு, "போன் பண்ணாமலே வந்து பாக்கறேன்" என்றார். நானும் அன்று ஊரில் இருந்தேன். ராத்திரி பதினொரு மணிக்கு ஸ்டேஷனிலிருந்து கிளம்பினார். ஒன்பது கிலோமீட்டர். யாரையும் வழி கேட்காமல் பத்தொன்பது நிமிடத்தில் வாசலில் வண்டியை நிறுத்தினார். அம்மா தண்ணீர்ச் சொம்போடு பட்டா புத்தகத்தையும் எடுத்து வந்து நீட்டினார்.

இரண்டாவது பிரிவுப் பலகை போன வாரக் காற்றில் சாய்ந்துவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை போய் நிமிர்த்தி, அடியில் கான்கிரீட் போட வேண்டும்.